ராக் இசைக்குழுக்களில் பாடலாக்க உரிமைப் பகிர்வு

ராக் இசைக்குழுக்களில் பாடலாக்க உரிமைப் பகிர்வு என்பது, ஓர் இசைத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பாடலையும் ஆக்கியவர்களாகக் குழுவின் எந்தெந்த உறுப்பினர்களின் பெயரைக் குறிப்பது, அப்பாடலால் வரும் வருவாயை அவர்களுக்குள் எந்த விகிதத்தில் பிரிப்பது ஆகியவற்றை முடிவு செய்யும் நடைமுறை ஆகும். இசைத்தட்டின் உறையில் பாடலின் பெயரை ஒட்டிச் சிறிய எழுத்தில் அச்சாகும் இரண்டு மூன்று பெயர்களே இதன் வெளித்தோற்றம். இப்பெயர்கள் பாடல் உருவான வரலாற்றை அப்படியே காட்டுபவை அல்ல. பல குழுக்களில் அவை உறுப்பினர்கள் இருபது வயதை ஒட்டிய பருவத்தில், பணம் எதுவும் கையில் இல்லாத காலத்தில், பெரும்பாலும் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின் பதிவு ஆகும். அந்த உடன்பாடு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவரின் வருவாயைத் தீர்மானிக்கின்றது.

தமிழில் பாடலாசிரியர் என்ற சொல் பாடல் வரிகளை எழுதுபவரை மட்டுமே குறிக்கின்றது. திரைப்படப் பாடலில் வரிகளை எழுதுபவரும் இசையமைப்பவரும் பெரும்பாலும் வெவ்வேறு நபர்கள். ராக் இசையில் குழுவினரே வரிகளையும் மெட்டையும் ஆக்கித் தாமே பாடி இசைப்பது பொது வழக்கமாதலால், இருவருக்கும் சேர்த்துப் பாடலாக்குநர் என்ற சொல் இக்கட்டுரையில் பயன்படுத்தப்படுகின்றது.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள்

ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிப் பதிப்புரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று மெட்டும் சொற்களும் சேர்ந்த பாடல் என்ற ஆக்கத்துக்கு உரியது. மற்றது அப்பாடலைக் குறிப்பிட்ட கலைஞர்கள் இசைத்துப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு உரியது. முதலாவது உரிமை பாடலாக்குநரிடமும் அவருடைய இசைப் பதிப்பகத்திடமும் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். வேறொரு பாடகர் அதே பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால், பாடலாக்குநருக்குப் பணம் உண்டு. முதல் பதிவில் டிரம்ஸ் வாசித்தவருக்கு எதுவும் இல்லை.

ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை பாடலாக்குநருக்குப் பல வழிகளில் வருகின்றது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தொகை, வானொலியிலும் மேடையிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும்போது ஒரு தொகை, திரைப்படத்திலோ விளம்பரத்திலோ பயன்படும்போது பேசி முடிக்கப்படும் ஒரு தொகை என்பன முதன்மையானவை. பொது இடங்களில் ஒலிப்பதற்கான தொகையை ஐக்கிய அமெரிக்காவில் அஸ்காப், பி.எம்.ஐ. முதலிய அமைப்புகளும், ஐக்கிய இராச்சியத்தில் பி.ஆர்.எஸ். அமைப்பும் திரட்டிப் பகிர்ந்தளிக்கின்றன.

பிரதிக்கான தொகை ஐக்கிய அமெரிக்காவில் சட்டப்படி நிர்ணயிக்கப்படுகின்றது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாடலுக்கு 2 சென்ட் என வரையறுத்தது. அத்தொகை 1978 வரை மாறவே இல்லை. 2006 முதல் 2022 வரை அது 9.1 சென்ட் ஆக இருந்தது. 2023இல் 12 சென்ட் ஆக உயர்ந்தது. இவை சில்லறைக் காசுகளாகத் தோன்றலாம். பத்துப் பாடல்கள் கொண்ட ஓர் இசைத்தொகுப்பு 9.1 சென்ட் வீதம் பத்து இலட்சம் பிரதிகள் விற்றதாகக் கொண்டால், பாடலாக்கத்துக்கான மொத்தத் தொகை 9,10,000 டாலர் ஆகின்றது. நால்வர் குழுவில் ஒருவரே எல்லாப் பாடல்களையும் எழுதியவர் எனப் பெயர் இருந்தால் இது முழுவதும் அவர் பக்கம் செல்லும். நால்வர் பெயரும் சமமாக இருந்தால் ஒவ்வொருவர் பங்கு 2,27,500 டாலர். பதிப்பகத்தின் பங்கும் இதற்குள் அடக்கம். தாமே எழுதிப் பாடும் குழுக்களுக்கு முக்கால் பங்கே தருவதாக இசைத்தட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் அமெரிக்காவில் வழக்கம் என்பதால், உண்மையில் கைக்கு வருவது இதைவிடக் குறைவு.

தொகையின் அளவைவிட அது வரும் வரிசையே முக்கியமானது. குழுவுக்குத் தந்த முன்பணம், ஒலிப்பதிவுக் கூடச் செலவு ஆகியவற்றை, கலைஞர்களுக்கு உரிய விற்பனைப் பங்கிலிருந்து இசைத்தட்டு நிறுவனம் முதலில் கழித்துக்கொள்ளும். அந்தக் கடன் தீரும்வரை குழுவினருக்குப் பங்கு இல்லை. பாடலாக்கத்துக்கான தொகையோ பொதுவாக இக்கணக்கில் சேராமல் முதல் பிரதியிலிருந்தே வழங்கப்படுகின்றது. எனவே ஒரே குழுவில், ஒரே பேருந்தில் ஊர் ஊராகச் செல்லும் நால்வரில் ஒருவருக்கு மட்டும் காசோலை வந்துகொண்டிருக்க, மற்ற மூவர் கணக்கில் இன்னும் கடன் நிற்கும் நிலை ஏற்படுகின்றது. அமெரிக்க வானொலி இந்த இடைவெளியை மேலும் அகலமாக்குகின்றது. அந்நாட்டின் வழக்கமான வானொலி நிலையங்கள் பாடலாக்குநருக்கு மட்டுமே பணம் செலுத்துகின்றன. பாடியவருக்கோ இசைத்தவருக்கோ செலுத்துவதில்லை. இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் மட்டும் 1990களின் சட்டங்கள் இசைத்தவர்களுக்கும் பங்கு வழங்கின. ஐக்கிய இராச்சியத்தில் வானொலியிலிருந்து இசைக்கலைஞர்களுக்கும் தொகை உண்டு.

எது பாடல், எது இசைப்பு?

ராக் பாடல் பெரும்பாலும் தாளில் எழுதி முடிக்கப்பட்டு வருவதில்லை. பயிற்சி அறையில் கிதார் கலைஞர் ஒரு சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். இது ரிஃப் எனப்படும். பாடகர் சொற்கள் இன்றி முணுமுணுத்து ஒரு மெட்டைப் பிடிப்பார். பேஸ் கிதார் அதற்கு எதிராக வேறொரு பாதையில் செல்லும். டிரம்ஸ் கலைஞர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தவுடன் பாட்டின் தன்மையே மாறிவிடும். மாலைக்குள் ஒரு பாடல் உருவாகிவிடும். ஆனால் அதை யார் எழுதினார் என்ற கேள்விக்கு நால்வரும் நான்கு விடைகள் கூறக்கூடும்.

இசைத்துறையின் பழைய மரபு இக்கேள்விக்கு எளிதான விடை ஒன்றை வைத்திருந்தது. சொற்களுக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி என்பதே அது. பாடல்கள் அச்சிட்ட இசைத்தாள்களாக விற்பனையான காலத்தில் இம்மரபு தோன்றியது. அத்தாளில் மெட்டு இருக்கும், சொற்கள் இருக்கும், பியானோவுக்கான சுரக்கூட்டுகள் இருக்கும், டிரம்ஸ் இருக்காது. ராக் இசையைக் கேட்பவரை ஈர்ப்பதோ பெரும்பாலும் அத்தாளில் அடங்காத ஓசை, தாளக்கட்டு, கிதாரின் தொனி ஆகியவையே. வருவாயைப் பிரிக்கும் அளவுகோல் இசைத்தாள் காலத்தது, பிரிக்கப்படும் பொருள் ஒலிப்பதிவுக் காலத்தது என்பதே இத்துறையின் பெரும்பாலான பிணக்குகளுக்கு வேர் எனலாம். பாதிக்கப்பட்டோர் பட்டியலில் டிரம்ஸ், பேஸ் கிதார் கலைஞர்கள் அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

சட்டம் ஓரளவுக்கே உதவுகின்றது. ஐக்கிய இராச்சியத்தின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இருவர் அல்லது பலர் ஒத்துழைத்து ஆக்கி, ஒருவர் பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து தனியே பிரிக்க இயலாதவாறு அமைந்தது கூட்டு ஆக்கம் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், தத்தம் பங்களிப்புகள் ஒரே முழுமையில் இணைய வேண்டும் என்ற நோக்கத்தையும் வேண்டுகின்றது. அங்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் கூட்டு ஆக்குநர் அனைவருக்கும் சமபங்கு என்பதே பொதுவிதி. இரு நாடுகளுக்கும் இடையே நடைமுறையில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் கூட்டு உரிமையாளர் எவரும் தனித்து நின்று பிறருக்குப் பொது அனுமதி வழங்கலாம். வரும் பணத்தை மற்றவரோடு பகிர்ந்தால் போதும். ஐக்கிய இராச்சியத்தில் அனைவரின் சம்மதமும் தேவை.

கூட்டு ஆக்கத்தின் பதிப்புரிமை, ஆக்குநர்களில் கடைசியாக இறப்பவரின் காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே குழுவின் மிக இளைய உறுப்பினர் பெயரையும் சேர்ப்பது மற்றவரின் வாரிசுகளுக்கும் நன்மையாக முடியலாம். இதைக் கணக்கிட்டுப் பெயர் சேர்க்கும் இருபது வயதினர் இருப்பார்களா என்பது ஐயமே.

லெனன் – மெக்கார்ட்னி உடன்பாடு

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும், யார் எழுதினாலும் இருவர் பெயரையும் இடுவது என இளமையிலேயே முடிவு செய்தனர். 1963இல் வெளியான முதல் இசைத்தொகுப்பில் மெக்கார்ட்னியின் பெயர் முதலில் வந்தது. பின்னர் லெனன் – மெக்கார்ட்னி என்ற வரிசை நிலைபெற்றது. தொடக்கத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து எழுதினர். பிற்காலத்தில் பெரும்பாலான பாடல்களை ஒருவரே எழுதி, மற்றவர் சிறிது திருத்தினார் அல்லது அதுவும் இல்லை. 1965இல் வெளியான 'எஸ்டர்டே' பாடலை மெக்கார்ட்னி தனியே ஆக்கி, பீட்டில்ஸ் குழுவின் மற்றவர் எவரும் வாசிக்காமல், ஒரு நரம்பிசை நால்வர் குழுவுடன் பதிவு செய்தார். அதிலும் லெனன் பெயரே முதலில் உள்ளது. மாறாக, 1969இல் லெனன் பீட்டில்ஸ் குழுவுக்கு வெளியே பதிவு செய்த 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பாடலிலும் மெக்கார்ட்னியின் பெயர் இடப்பட்டது. 'இன் மை லைஃப்' பாடலின் மெட்டை யார் அமைத்தார் என்பதில் இருவரும் முரண்பட்ட நினைவுகளையே பதிவு செய்துள்ளனர்.

1976இல் வெளியான தமது மேடைப் பதிவுத் தொகுப்பில் ஐந்து பாடல்களுக்கு மெக்கார்ட்னி பெயர் வரிசையை மாற்றினார். 2002இல் 19 பாடல்களுக்கு மீண்டும் அவ்வாறு செய்தபோது, லெனனின் துணைவி யோக்கோ ஓனோ தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. பணத்தில் ஒரு காசும் மாறாத, பெயர் வரிசை பற்றி மட்டுமே எழுந்த பிணக்கு இது.

பணம் சார்ந்த பிணக்கு ஜார்ஜ் ஹாரிசனுடையது. பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட 1963இல் நார்தர்ன் சாங்ஸ் என்ற பதிப்பகம் தொடங்கப்பட்டது. அதில் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தரப்புக்குப் பாதியும், லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் தலா 20 விழுக்காடும், மேலாளர் பிரையன் எப்ஸ்டீனின் நிறுவனத்துக்கு 10 விழுக்காடும் இருந்தன. 1965இல் அது பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது லெனன், மெக்கார்ட்னி ஆகியோரிடம் தலா 15 விழுக்காடு இருக்க, ஹாரிசனுக்கும் ரிங்கோ ஸ்டாருக்கும் சேர்த்தே 1.6 விழுக்காடுதான் கிடைத்தது. ஹாரிசன் எழுதிய பாடல்களையும் அப்பதிப்பகமே வெளியிட்டதால், அவருடைய சொந்தப் பாடலிலிருந்து பதிப்பகத்துக்குச் சென்ற ஆதாயத்தில் அவரைவிட அவருடைய நண்பர்களுக்கே அதிகப் பங்கு இருந்தது. இந்த நிலையை அவர் 'ஒன்லி எ நார்தர்ன் சாங்' என்ற பாடலாகவே எழுதினார். அப்பாடலையும் அதே பதிப்பகமே வெளியிட்டது. 1968இல் ஒப்பந்தம் முடிந்தபின் தமது பாடல்களை ஹாரிசாங்ஸ் என்ற சொந்த நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். லெனனும் மெக்கார்ட்னியும் பதிப்பகத்தை வெகுகாலம் காப்பாற்ற முடியவில்லை. 1969இல் அது ஏ.டி.வி. நிறுவனத்திடம் சென்றது, 1985இல் மைக்கேல் ஜாக்சன் ஏ.டி.வி.யின் இசைப் பிரிவை 47.5 மில்லியன் டாலருக்கு வாங்கினார்.

நால்வர் பெயரும் சமமாக இடம்பெற்ற பீட்டில்ஸ் பாடல்கள் மிகச் சிலவே. 1967இல் வெளியான 'ஃபிளையிங்' என்ற சொற்களற்ற இசை அவற்றுள் ஒன்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இத்தகைய கூட்டு ஆக்கங்களுக்கு 1963 முதல் 1965 வரை நாங்கர் ஃபெல்ஜ் என்ற கற்பனைப் பெயரைப் பயன்படுத்தியது. பின்னர் அங்கும் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்ற இரு பெயர்களே நிலைத்தன. 1974இறுதியில் அக்குழுவை விட்டு விலகிய கிதார் கலைஞர் மிக் டெய்லர், தமது பங்களிப்புக்கு உரிய பெயர் தரப்படவில்லை என்பதை ஒரு குறையாகக் கூறியுள்ளார். அவர் பெயர் ஆக்குநராக இடம்பெற்ற பாடல் 1972இல் வந்த 'வென்டிலேட்டர் புளூஸ்'.

சமபங்கு முறை

யார் என்ன செய்தார் என்று ஆராயாமல் அனைவர் பெயரையும் இட்டு வருவாயைச் சமமாகப் பிரிப்பது மற்றொரு முறை. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் தோன்றிய ஆர்.இ.எம். குழு இதில் உறுதியாக இருந்தது. அதன் பாடல்கள் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்ற அகர வரிசையில் நால்வர் பெயரையும் தாங்கின. 1992இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாடலைப் பெருமளவு ஆக்கியவர் டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி. டிரம்ஸ் கலைஞர் பாடல் எழுதமாட்டார் என்ற பொதுக்கருத்துக்கு இது நல்ல மறுப்பு. 1997இல் பெர்ரி விலகியபின் வந்த பாடல்களில் எஞ்சிய மூவர் பெயர் மட்டும் இடம்பெற்றது.

அயர்லாந்தின் யு2 குழுவில் பெயரும் பணமும் தனித்தனியே கையாளப்பட்டன. 1987இன் 'த ஜோஷுவா ட்ரீ' தொகுப்பில் இசை யு2, வரிகள் போனோ என்று குறிப்பு இருந்தாலும், வருவாயை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டனர். இதனைத் தொடக்கத்திலேயே வலியுறுத்தியவர் மேலாளர் பால் மெக்கின்னஸ். கோல்ட்பிளே குழுவிலும் நால்வர் பெயரும் இடம்பெறுகின்றன. பிளாக் சப்பாத் குழுவின் முதற்காலத் தொகுப்புகளில் டோனி அயோமி ரிஃப்களை அமைக்க, கீசர் பட்லர் பெரும்பாலான வரிகளை எழுத, பெயர் நால்வருடையதாக இருந்தது.

சமபங்கு எப்போதும் அமைதியைத் தருவதில்லை. த டோர்ஸ் குழுவின் முதல் மூன்று தொகுப்புகளில் பாடல்கள் குழுவின் பெயரிலேயே வெளியாயின. புகழ்பெற்ற 'லைட் மை ஃபயர்' பாடலைப் பெரும்பாலும் எழுதியவர் கிதார் கலைஞர் ராபி கிரீகர் என்பது உறையைப் பார்த்தவருக்குத் தெரியாது. 1969இல் வந்த நான்காம் தொகுப்பிலிருந்து தனிப்பெயர்கள் இடப்பட்டன. காரணம் பணம் அன்று. கிரீகர் எழுதிய ஒரு பாடலின் வரிகளைத் தாம் எழுதியதாக மக்கள் எண்ணக்கூடாது என்று பாடகர் ஜிம் மாரிசன் விரும்பினார். அதற்கு முன் 1968இல், மாரிசன் ஊரில் இல்லாதபோது மற்ற மூவரும் 'லைட் மை ஃபயர்' பாடலை மகிழுந்து விளம்பரத்துக்குத் தர இசைந்து, அவருடைய கடும் கோபத்துக்கு ஆளாகியிருந்தனர். சமபங்கு என்றால் மறுக்கும் உரிமையும் சமம் என்பதைப் பின்னாளில் டிரம்ஸ் கலைஞர் ஜான் டென்ஸ்மோர் காட்டினார். பெருந்தொகை தருவதாக வந்த விளம்பர வாய்ப்புகளையும் அவர் தடுத்து நின்றார்.

ஒரே குழுவில் முறை மாறியதும் உண்டு. டீப் பர்ப்பிள் குழு 1970, 1972ஆம் ஆண்டுகளின் புகழ்பெற்ற தொகுப்புகளில் ஐவர் பெயரையும் இட்டது. 1984இல் அதே ஐவர் மீண்டும் இணைந்தபோது பெரும்பாலான பாடல்களில் மூவர் பெயரே இருந்தது. விடுபட்டவர்கள் விசைப்பலகையும் டிரம்ஸும் வாசித்தவர்கள். குயீன் குழு இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' தனி இசைத்தட்டாக வந்தபோது, அதன் பின்பக்கத்தில் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர் எழுதிய 'ஐ'ம் இன் லவ் வித் மை கார்' இடம்பெற்றது. இசைத்தட்டின் இரு பக்கங்களுக்கும் பிரதித் தொகை ஒன்றே. ஆகவே முன்பக்கத்துக்காகவே மக்கள் வாங்கிய ஒவ்வொரு தட்டிலும் டெய்லருக்கும் ஃபிரெடி மெர்க்குரிக்கும் சமமான பணம் சென்றது. இது குழுவுக்குள் நெடுநாள் உரசலாக இருந்தது. எந்தப் பாடலைத் தனித்தட்டாக வெளியிடுவது என்ற முடிவில்கூட எழுதியவரின் நலன் கலந்துவிடுவதைக் கண்ட நால்வரும், 1989இன் 'த மிராக்கிள்' தொகுப்பில் எல்லாப் பாடல்களையும் குயீன் என்ற ஒரே பெயரில் வெளியிட்டனர்.

நிர்வாணா குழுவின் கதை இவற்றினும் கசப்பானது. தொடக்கத்தில் மூவருக்கும் சமமாக இருந்த பங்கை, 1991இன் 'நெவர்மைண்ட்' எதிர்பாராத வெற்றி பெற்றபின், கர்ட் கோபேன் மாற்றக் கோரினார். வரிகள் முழுவதும், இசையில் முக்கால் பங்கும் தமக்கு என்றும், அது முன்பு விற்ற பிரதிகளுக்கும் பொருந்தும் என்றும் அவர் கேட்டார். எழுதியவர் பெரும்பாலும் அவரே என்பதில் மற்ற இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழைய கணக்கைத் திருத்தியதே அவர்களைப் புண்படுத்தியது. இருப்பினும் ஒப்புக்கொண்டனர்.

ஒருவரே எழுதும் குழுக்கள்

கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் வெற்றிப் பாடல்களில் ஏறத்தாழ அனைத்தையும் ஜான் ஃபோகர்ட்டி எழுதினார். மற்றவர்கள் தமக்கும் இடம் வேண்டும் என்றனர். 1972இல் வந்த 'மார்டி கிரா' தொகுப்பில் எஞ்சியிருந்த மூவரும் பாடல்களைப் பங்கிட்டு எழுதிப் பாடினர். விமர்சகர்கள் அதைக் கடுமையாகச் சாடினர். அதே ஆண்டில் குழு கலைந்தது. மற்றவர்கள் கேட்டதைத் தாம் கொடுத்ததாக ஃபோகர்ட்டி கூறினார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதியே ஆக வேண்டும் என்று அவரே கட்டாயப்படுத்தியதாக மற்ற இருவர் கூறினர். சமத்துவம் கருதி எழுதும் வேலையையே பிரிப்பதும், எழுதியதால் வரும் பணத்தைப் பிரிப்பதும் வேறு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

த பேண்ட் குழுவில் 1970 அளவில் பெரும்பாலான பாடல்கள் ராபி ராபர்ட்சன் பெயரில் வந்தன. பாடல்களின் கதைக்களமான அமெரிக்கத் தென்மாநில வாழ்க்கை டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான லெவோன் ஹெல்முடையது. ராபர்ட்சன் கனடா நாட்டவர். கூட்டாக உருவான பாடல்களின் பணம் ஒருவரிடம் சென்றது என 1993இல் வெளியான தன்வரலாற்றில் ஹெல்ம் குற்றம் சாட்டினார். எழுதும் உழைப்பைத் தாமே செய்ததாக ராபர்ட்சன் மறுத்தார். பின்னாளில் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹெல்ம், கடன்களை அடைக்கத் தமது வீட்டுக் களஞ்சியத்தில் இசை நிகழ்ச்சிகள் நடத்த வேண்டியிருந்தது. 2012இல் அவர் இறந்தார். இருவரில் யார் கூற்று சரி என்பது எந்த நீதிமன்றத்திலும் முடிவாகவில்லை.

வழக்குகள்

ஸ்பாண்டோ பாலே குழுவின் மூவர், பாடல்களை எழுதிய கேரி கெம்ப் மீது தொடுத்த வழக்கில் 1999இல் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெம்ப் தமது பதிப்பு வருவாயில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் குழுவினருக்கு வழங்கிப் பின் நிறுத்திக்கொண்டார். அத்தொகை தங்களுக்கு உரியது என்பதும், பாடல்களில் தாங்களும் கூட்டு ஆக்குநர்கள் என்பதும் மூவரின் வாதம். கெம்ப் பாடலைக் கிதாரில் முழுமையாக அமைத்துக்கொண்டு வந்து குழுவுக்கு வாசித்துக் காட்டினார். மற்றவர்கள் செய்தது அதைச் சிறப்பாக இசைத்ததே என்று நீதிபதி கருதினார். 'ட்ரூ' பாடலின் சாக்சபோன் பகுதியும் வாசிப்பவரின் திறனாகவே கொள்ளப்பட்டது. வழக்கு தோற்றது. பத்தாண்டுகளுக்குப் பின் 2009இல் ஐவரும் மீண்டும் மேடையேறினர்.

இதற்கு மாறான முடிவைப் பெற்றது புரோக்கல் ஹாரம் குழுவின் வழக்கு. 1967இல் வெளியான 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாடலைக் கேட்டவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் ஆர்கன் இசையே. ஆக்குநர் பெயர்களோ இசைக்குக் கேரி புரூக்கர், வரிகளுக்குக் கீத் ரீட் என்ற இரண்டுதான். ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், பாடலின் அடிப்படைச் சுரக்கூட்டுகள் அமைந்தபின் குழுவில் சேர்ந்து, தொடக்கத்து எட்டுச் சந்த இசையைத் தாமே அமைத்தார். 1969இல் குழுவை விட்டு விலகிய அவர், பிற்காலத்தில் கணினி நிரலாளராகவும் பணியாற்றினார். 2005இல், பாடல் வெளிவந்து 38 ஆண்டுகளுக்குப் பின், வழக்குத் தொடுத்தார்.

2006 திசம்பரில் உயர் நீதிமன்றம் அவரைக் கூட்டு ஆக்குநர் என ஏற்று, இசையின் உரிமையில் 40 விழுக்காட்டை வழங்கியது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூட்டு ஆக்குநர் என்பதை ஏற்றாலும், இத்தனை காலம் வாளாவிருந்ததால் பணத்துக்கு உரிமை இல்லை என்றது. 2009 சூலை 30 அன்று பிரபுக்கள் அவை முதல் தீர்ப்பையே நிலைநாட்டியது. பிரபுக்கள் அவை நாட்டின் உச்ச நீதிமன்றமாகத் தீர்ப்பளித்த கடைசி நாளும் அதுவே. உரிமையைக் கோருவதற்குச் சட்டம் கால வரம்பு எதையும் விதிக்கவில்லை என்றும், அவர் காலம் தாழ்த்தியதால் எதிர்த்தரப்பினர் இழந்தது ஏதும் இல்லை, மாறாக அவர் பங்கையும் அவர்களே பெற்றுவந்தனர் என்றும் நீதிபதிகள் கூறினர். ஆனால் ஃபிஷருக்குக் கிடைத்தது வழக்குத் தொடுத்த நாளுக்குப் பிந்தைய வருவாயில் பங்கு மட்டுமே. அதற்கு முந்தைய 38 ஆண்டுகளுக்கு ஒன்றும் இல்லை.

குழுவில் உறுப்பினராக இல்லாத, நாட்கூலிக்கு வந்த கலைஞர்களும் இவ்வாறு வென்றுள்ளனர். த புளூபெல்ஸ் குழுவின் 'யங் அட் ஹார்ட்' பாடலுக்கு வயலின் வாசித்தவர், அப்பாடல் 1993இல் ஒரு மகிழுந்து விளம்பரத்தின் வழியாக மீண்டும் புகழடைந்தபின் வழக்காடிக் கூட்டு ஆக்குநரானார். பிங்க் ஃபிளாய்டின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாடலில் சொற்களின்றிக் குரலெழுப்பிப் பாடிய கிளேர் டோரி 1973இல் பெற்ற ஊதியம் 30 பவுண்டு. 2004இல் அவர் தொடுத்த வழக்கு மறு ஆண்டில் சமரசமாக முடிந்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் உள்ளது. அமெரிக்காவில் நிலைமை கடினம். சக் பெரியின் பாடல்களில் தமக்கும் பங்கு உண்டு எனப் பியானோ கலைஞர் ஜானி ஜான்சன் 2000இல் தொடுத்த வழக்கு, காலம் கடந்தது என்ற காரணத்தால் 2002இல் தள்ளுபடி ஆனது.

த ஸ்மித்ஸ் குழுவின் வழக்கு இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படுவதுண்டு. அங்கு மோரிசி, ஜானி மார் ஆகியோரே பாடலாக்குநர் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. ஒலிப்பதிவு, மேடை வருவாயில் அவ்விருவரும் தலா 40 விழுக்காடு எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் தலா 10 விழுக்காடு வழங்கினர். அதை எதிர்த்த டிரம்ஸ் கலைஞர் மைக் ஜாய்ஸ் 1996இல் கால் பங்கு பெற்றார். எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது கூட்டாளிகள் அனைவருக்கும் சமபங்கு என்ற பழைய கூட்டாண்மைச் சட்டமே அவருக்குக் கைகொடுத்தது.

இன்றைய நடைமுறை

இப்பிணக்குகளைக் கண்ட பின்வந்த குழுக்கள், ஒலிப்பதிவு முடிந்த உடனேயே ஒரு தாளில் ஒவ்வொரு பாடலுக்கும் பெயரும் விழுக்காடும் எழுதி அனைவரும் கையொப்பமிடும் வழக்கத்தைக் கைக்கொள்கின்றன. விழுக்காடுகளின் கூட்டுத்தொகை நூறாக இல்லாவிட்டால் பணம் திரட்டும் அமைப்புகள் தொகையை நிறுத்திவைக்கக்கூடும். ஒரு பகுதியை எழுதியவர்களுக்கு ஒதுக்கி, எஞ்சியதை அனைவருக்கும் சமமாகப் பிரிக்கும் கலப்பு முறையும் உண்டு. பாடலைக் கொண்டுவருபவரின் ஊக்கத்தையும், அதை இரவு பகலாக இசைப்பவரின் பொறுமையையும் ஒருங்கே காப்பதற்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றதாகத் தெரிகின்றது. விலகும் உறுப்பினர், தாம் இருந்த காலத்துப் பாடல்களின் பங்கைத் தொடர்ந்து பெறுவார். புதிதாகச் சேர்பவர் பழைய பாடல்களை ஆயிரம் முறை மேடையில் வாசித்தாலும் அவற்றின் ஆக்க உரிமையில் பங்கு பெறமாட்டார்.

குழுவுக்கு வெளியிலிருந்து வரும் உரிமைக் கோரிக்கை எல்லா உடன்பாட்டையும் புரட்டிவிடக்கூடும். த வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி' 1997இல் வெளியானபோது, அதில் பயன்பட்ட நரம்பிசைத் துணுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல் ஒன்றின் வாத்திய இசைப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால், பாடலாக்க வருவாய் ஜாகர், ரிச்சர்ட்ஸ் தரப்புக்குச் சென்றது. வரிகளை எழுதிப் பாடிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு அந்த உரிமை 2019இல்தான் திரும்பக் கிடைத்தது.

அண்மைக் காலத்தில் பழைய குழுக்களின் உரிமைகள் பெருந்தொகைக்குக் கைமாறுகின்றன. அப்போதும் இரண்டு உரிமைகளும் தனித்தனியே நிற்கின்றன. 2024இல் பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவுகளும் குழுவின் பெயர், படங்கள் மீதான உரிமையும் சோனி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பாடலாக்க உரிமை அந்த விற்பனையில் சேர்க்கப்படாமல் எழுதியவர்களிடமே விடப்பட்டது.